கைலேசருக்கு இரண்டரை, கூட வந்த கண்ணாடிக்குப் பூஜ்யம்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீல நிறக் கைலேசர்: ஐந்துக்கு இரண்டரை. அதே பெட்டியில் இலவசமாக வந்த சிவப்புக் கண்ணாடி: பூஜ்யம். அதற்கும் கீழே போட வழியிருந்தால் போட்டிருப்பேன். பிறகு தனியாக வரவழைத்த ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கண்ணாடி: நாலரை. மூன்றையும் சேர்த்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த ரக லேசர் வாங்க நினைக்கிறவர்கள் லேசரைப் பற்றி வீடியோ வீடியோவாகப் பார்க்கிறார்கள். எத்தனை வாட், எவ்வளவு தூரம், எதையெல்லாம் எரிக்கும் என்று விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். கண்ணாடியைப் பற்றிக் கேட்டால், "அதுதான் கூடவே வருதே" என்கிறார்கள். கூடவே வருவதுதான் பிரச்சினை.

நான் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் ஒளியியல் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவன். லேசரும் லென்ஸும் எடுத்துக் கொடுப்பது, திரும்ப வாங்கி எண்ணிப் பூட்டுவது, இதுதான் பிழைப்பு. இந்தக் கைலேசர் என் அக்கா மகனுடையது. மரப்பலகையில் எழுத்துப் பொறிக்கணும், தூரத்தில் இருக்கிற கறுப்பு பலூனை வெடிக்கணும், ராத்திரியில் வானத்தில் கோடு போடணும் என்று ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறான். பெட்டியில் இருந்த மஞ்சள் முக்கோணத்தைப் பார்த்துவிட்டு அக்கா என்னிடம் கொடுத்தனுப்பினாள்: "டேய், இதை வீட்ல வெச்சுக்கலாமா கூடாதான்னு நீயே பாத்துச் சொல்லு. அவன் சொல்றதை நான் நம்ப மாட்டேன்." நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இதே உடம்பு, ஒளியை உண்டாக்கும் இதே டயோடு, வேறு வேறு பெயர் ஒட்டிப் பல இடங்களில் விற்கிறது. ஒரு பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் நல்லது என்று ஆகிவிடும்.

லேசரைக் கையில் எடுத்தால் குறை சொல்ல முடியாது. கறுப்பு அலுமினிய உடம்பு, உள்ளே 18650 பேட்டரி இரண்டு, முன்னால் ஃபோகஸ் வளையம், பின்னால் ஒரு குட்டிச் சாவி. வளையம் சீராகச் சுற்றுகிறது. திருகுமறை எல்லாம் சுத்தமாகக் கடைந்திருக்கிறார்கள். ஸ்டிக்கரில் 450 நானோமீட்டர் (ஒளியின் அலைநீளம், அதாவது நிறம்), 2000 மில்லிவாட் என்று போட்டிருக்கிறது. ஆய்வகத்தில் லேசரின் பவரை அளக்க இருக்கும் மீட்டரில் காட்டினேன். போட்டதும் 1.4 வாட், உடம்பு சூடேற ஏற மெல்ல இறங்குகிறது. ஒரு நிமிடம் எரித்தால் ஒரு நிமிடம் ஓய்வு கொடு என்று கையேட்டில் இருப்பது சரிதான், கொடுக்காவிட்டால் டயோடின் ஆயுள் குறையும். தூரத்தில் அடித்தால் புள்ளி வட்டமாக இல்லாமல் ஒரு சின்னப் பட்டையாக விழுகிறது. அது பழுது இல்லை. புரொஜெக்டர்களுக்காகச் செய்யப்பட்ட வலுவான நீல டயோடுகளின் குணமே அப்படி. 2010 வாக்கில் அந்த டயோடுகளைப் புரொஜெக்டர்களிலிருந்து கழற்றிக் கைலேசர் செய்யத் தொடங்கிய பிறகுதான் இந்த ரகம் இவ்வளவு மலிவானது.

இரண்டு வாட் என்று சொல்லி ஒன்றரை கூட இல்லையே என்று அவனுக்கு மனத்தாங்கல். "ஏமாத்திட்டாங்க மாமா." எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. 500 மில்லிவாட்டைத் தாண்டினாலே நான்காம் வகுப்பு லேசர். அதற்கு மேலே வகுப்பே கிடையாது. ஒன்றரை வாட்டும் அதில்தான், தகடு வெட்டுகிற தொழிற்சாலை லேசரும் அதில்தான்.

வகுப்பு என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இதை யாரும் சரியாகச் சொல்வதில்லை. கண்ணுக்குத் தெரிகிற ஒளியில் ஒரு மில்லிவாட் வரை இரண்டாம் வகுப்பு. கூசினால் மனிதன் கால் நொடிக்குள் கண்ணை மூடிக்கொள்வான் அல்லது தலையைத் திருப்பிக்கொள்வான், அதற்குள் விழித்திரைக்குக் கேடு வராது என்ற கணக்கில் வைத்த வரம்பு அது. ஐந்து மில்லிவாட் வரை 3ஆர். ஐந்திலிருந்து 500 வரை 3பி. இந்தக் கைலேசரின் 1.4 வாட்டை அந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லிவாட் லேசர் கால் நொடியில் கொடுக்கிற ஆற்றலை இது ஒரு நொடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் கொடுத்துவிடும். இமை அசையத் தொடங்குவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். "கண்ணை மூடிக்குவேன்" என்பது நான்காம் வகுப்பில் பேச்சுக்கே ஆகாது.

இன்னொன்று, கண்ணே அந்தக் கற்றைக்கு உதவி செய்கிறது. முன்னால் இருக்கிற கருவிழியும் லென்ஸும் சேர்ந்து உள்ளே வருகிற இணைக்கற்றையை விழித்திரையில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு அகலமுள்ள புள்ளியாகக் குவிக்கின்றன. கண்ணின் வாசலில் இருந்த செறிவு விழித்திரைக்குப் போகும்போது ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்காகிறது. விழித்திரையில் வலி உணரும் நரம்பு இல்லை. அதனால் சுட்டது தெரியாது. சிலருக்கு ஒரு மின்னல் தெரியும், பிறகு நடுவில் ஒரு கறை. எழுத்தைப் படிக்கப் போனால் பார்க்கிற எழுத்து மட்டும் இருக்காது. ஓரத்தில் பட்டிருந்தால் அதுவும் தெரியாது, இல்லாத இடத்தை மூளை நிரப்பிக் காட்டிவிடும். இந்தக் காயத்துக்கு உறுதியாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. நிரந்தரமாகக் குருடாக்குவதற்கென்றே செய்யும் லேசர் ஆயுதங்களை 1995-இல் ஒரு சர்வதேச நெறிமுறை போட்டுத் தடை செய்தார்கள். போரிலேயே ஆகாது என்று நாடுகள் கூடி ஒதுக்கிய காயம், பலூன் வெடிக்கப் போன இடத்தில் தவறுதலாக வந்துவிடக்கூடும் என்பதுதான் இந்தப் பொருளின் விசித்திரம்.

"ஆனா மாமா, நீலம் மங்கலாத்தானே இருக்கு? பச்சை லேசர்தான் கண்ணைப் பறிக்குது." நல்ல கேள்வி. பகல் வெளிச்சப் பார்வையில் நம் கண் 555 நானோமீட்டர் பச்சைக்குத்தான் அதிகம் மயங்கும். 450 நீலத்துக்கு அதில் நூற்றுக்கு நாலு பங்கு உணர்வுகூட இல்லை. ஒரே பவர் உள்ள பச்சையும் நீலமும் சுவரில் விழுந்தால் 532 பச்சை இருபது மடங்குக்கு மேல் பிரகாசமாகத் தெரியும். விழித்திரைக்கு இந்தப் பாகுபாடு கிடையாது, வெப்பம் வெப்பம்தான். சொல்லப்போனால் நீலத்துக்கு ஒரு கெட்ட பெயர் கூடுதலாகவே உண்டு: அதன் புள்ளியைப் பக்கத்திலிருந்து நெடுநேரம் வெறித்துக்கொண்டிருந்தால், சுடாமலேயே வேதிமாற்றத்தால் விழித்திரையைக் கெடுக்கும். மங்கலாகத் தெரிகிற லேசர் பலவீனமான லேசர் என்று நினைப்பவர்தான் அதை வெறித்துப் பார்ப்பார். 405 நானோமீட்டர் ஊதா இதைவிட மோசமாக ஏமாற்றும்.

இனி மதிப்பெண் குறைந்த கதை. நான்காம் வகுப்பு லேசரில் என்னென்ன இருக்க வேண்டும் என்று விதிகள் இருக்கின்றன. சாவியைக் கழற்றினால் லேசர் இயங்கக்கூடாது. ஒளி வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு விளக்கு எரிந்து எச்சரிக்க வேண்டும். வாயை அடைக்க ஒரு மூடியோ ஷட்டரோ வேண்டும். இந்த லேசரில் சாவி இருக்கிறது. ஆனால் எரியும் நிலையிலேயே சாவியை உருவி எடுக்க முடிகிறது, எடுத்த பிறகும் பட்டனை அமுக்கினால் எரிகிறது. சாவியை அக்கா பத்திரமாக எடுத்து வைத்திருப்பாள். லேசர் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். பூட்டே இல்லாததைவிட இது மோசம். பட்டனை அமுக்கிய அதே கணத்தில் கற்றை வெளியே வருகிறது, முன்னறிவிப்பு கிடையாது. ஷட்டர் இல்லை, ரப்பர் மூடி ஒன்று இருக்கிறது. அதைப் போட்டபடி தெரியாமல் அமுக்கினால் மூடி புகையும்.

எல்லாவற்றிலும் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது அந்த எச்சரிக்கை விளக்கு. பட்டனைச் சுற்றி அழகாக ஒரு வளையம் எரிகிறது, நீல நிறத்தில். நல்ல பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு பார்த்தால் அந்த வளையம் எரிவதே தெரியாது, ஏனென்றால் நீலத்தைத் தடுப்பதற்குத்தான் அந்தக் கண்ணாடி. அக்கா மகன்தான் முதலில் கவனித்தான். "மாமா, கண்ணாடி போட்டா இது ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கான்னே தெரியல." எச்சரிக்கை விளக்கு பாதுகாப்புக் கண்ணாடி வழியாகவும் தெரிய வேண்டும் என்பது அமெரிக்க விதியில் எழுதியே இருக்கிறது. ஒரு சிவப்பு எல்இடி போட்டிருந்தால் வேலை முடிந்தது. இதை வடிவமைத்தவர் ஒருநாளும் கண்ணாடி போட்டுக்கொண்டு இந்த லேசரைத் தொட்டிருக்க மாட்டார் என்பது என் ஊகம்.

சரி, இலவசக் கண்ணாடி. சிவப்பு நிற மெல்லிய பிளாஸ்டிக், மூக்கில் சரியாக உட்காராத ஃபிரேம், பக்கவாட்டில் விரல் நுழைகிற இடைவெளி. அதன் உறையில் 200 முதல் 2000 நானோமீட்டர் வரை பாதுகாப்பு என்று ஒரு ஸ்டிக்கர். இந்த ஒரு வரியே போதும், தூக்கிப் போட்டுவிடலாம். மனிதக் கண் பார்ப்பது ஏறக்குறைய 400 முதல் 700 வரை. 200 முதல் 2000 வரை அத்தனையையும் தடுக்கிற கண்ணாடி வழியாக ஒன்றுமே தெரியக்கூடாது, கும்மிருட்டாக இருக்க வேண்டும். அறை நன்றாகத் தெரிகிறது என்றால் ஸ்டிக்கர் பொய்.

இருந்தாலும் சோதித்தேன். லேசரை ஸ்டாண்டில் இறுக்கி, கற்றை மேசை மட்டத்திலேயே போகும்படி வைத்து, கதவைச் சாத்தி, தரமான கண்ணாடியை நாங்கள் இருவரும் போட்டுக்கொண்ட பிறகு, இந்தச் சிவப்புக் கண்ணாடியை மீட்டருக்கு முன்னால் நிறுத்தினேன். நூறு மில்லிவாட்டுக்கு மேல் அந்தப் பக்கம் வந்தது. அதாவது பதினான்கில் ஒரு பங்குக்குக் குறைத்திருக்கிறது, அவ்வளவுதான். நூறு மில்லிவாட் என்பது 3பி. விழித்திரையைச் சுட அதுவே தாராளம். அதுவும் சில நொடிகளுக்குத்தான். பிறகு லென்ஸில் பட்ட இடம் வெளுத்து, குழிந்து, ஒரு மெல்லிய புகை நூலாக எழும்பி, மீட்டரின் எண் கிடுகிடுவென்று ஏறியது. அணைத்துவிட்டுப் பார்த்தால் லென்ஸில் குண்டூசித் துளை.

அக்கா மகன் அந்தத் துளையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கண்ணாடியே இல்லாவிட்டால் ஆள் பயந்து பயந்தாவது வேலை செய்வான். இப்படி ஒன்றை மாட்டிக்கொண்டவன் தைரியமாகக் குனிந்து பக்கத்தில் போய்ப் பார்ப்பான். பூஜ்யம் கொடுத்தது அதற்காகத்தான். வெல்டிங் கண்ணாடி, குளிர்கண்ணாடி, முப்பரிமாணப் படம் பார்க்கிற கண்ணாடி என்று யோசனை சொல்கிறவர்களுக்கும் இதுவே பதில். கறுப்பாக இருப்பதற்கும் குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தை அடியோடு நிறுத்துவதற்கும் சம்பந்தமில்லை. குளிர்கண்ணாடி இருட்டைக் கொடுத்துக் கண்பாவையை விரித்தும் வைக்கும்.

தனியாக வரவழைத்தது லேசரைவிட விலை கூடுதல். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை, "பொருளைவிடக் கண்ணாடி விலையா?" என்றாள். வாங்கும்போது பார்க்க வேண்டியது இரண்டே: எந்த அலைநீளம், எவ்வளவு ஒளியடர்த்தி. ஒளியடர்த்தி மூன்று என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு உள்ளே வரும், நான்கு என்றால் பத்தாயிரத்தில் ஒன்று, ஐந்து என்றால் லட்சத்தில் ஒன்று. 1.4 வாட்டை ஒரு மில்லிவாட்டுக்குக் கீழே இறக்க மூன்று போதாது. நான்கு சரி. ஸ்டிக்கரில் எழுதியதை நம்பாமல் 2 வாட்டுக்கும் மேலேயே இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால் ஐந்தோ ஆறோ நிம்மதி. அடுத்தது, அந்த எண் நேராக லென்ஸிலோ ஃபிரேமிலோ பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். உறையில் ஒட்டியிருந்தால் போதாது. நாங்கள் வாங்கியதில் லென்ஸின் ஓரத்தில் 315–532, டி, எல்பி6 என்று பொடி எழுத்தில் இருக்கிறது. ஐரோப்பாவின் ஈஎன் 207 தரத்தின் குறி அது. "டி" என்றால் விட்டு விட்டுத் துடிக்காமல் தொடர்ந்து எரிகிற லேசருக்கு. "எல்பி" எண்ணில் ஒளியைக் குறைப்பது மட்டும் அடங்காது. நேரடிக் கற்றை பட்டாலும் லென்ஸ் சில நொடிகள் உருகாமல் தாங்க வேண்டும் என்பதும் அதில் சேர்த்தி. சிவப்புப் பிளாஸ்டிக் எதில் தோற்றதோ அதற்கு வைத்த பரீட்சைதான் இது.

இதையும் மீட்டர் முன்னால் நிறுத்தினேன். முள் அசையவில்லை. ஆனால் இதை வைத்து எல்பி6 நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வெப்ப வகை மீட்டருக்கு மைக்ரோவாட் அளவெல்லாம் தெரியாது. தயாரித்தவர் கொடுத்த சான்றும் பொறித்த எழுத்தும்தான் அதற்கு ஆதாரம். அதனால்தான் பெயர் தெரிந்த தயாரிப்பாளரிடம் போகச் சொல்கிறேன். பக்கவாட்டு மறைப்பு நன்றாக இருக்கிறது, பவர் கண்ணாடிக்கு மேலேயே மாட்ட முடிகிறது. அரை மதிப்பெண் குறைத்தது வியர்த்தால் உள்ளே பனி பிடிப்பதற்காக. பனி பிடித்தால் ஆள் கழற்றித் துடைப்பான், கழற்றுகிற நேரம்தான் ஆபத்து.

இந்தக் கண்ணாடியில் இருக்கிற இன்னொரு சங்கடத்தை யாரும் விற்கும்போது சொல்வதில்லை. போட்டுக்கொண்டால் நீலப் புள்ளி தெரியாது. அறை மஞ்சள் ஆரஞ்சாக நன்றாகத் தெரிகிறது, மரப்பலகையின் ரேகை தெரிகிறது, புகை எழும்புவது தெரிகிறது. புகையைக் கிளப்புகிற புள்ளி மட்டும் காணோம். உடனே கை கண்ணாடியைத் தூக்கப் போகும், "ஒரே ஒரு செகண்ட் பாத்துக்கறேன்" என்று. அக்கா மகனின் கையும் போனது. அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி, பழைய ஃபோன் ஒன்றை ஓரமாக நிறுத்தி அதன் திரையில் பார்ப்பது. கேமராவில் அந்த இடம் வெள்ளையாக எரிந்து தெரிவதால் கண்ணாடி வழியாகவும் திரையில் காண முடிகிறது. நேரடிக் கற்றை லென்ஸில் விழுந்தால் கேமராவின் சென்சார் போய்விடும், அதற்குத்தான் பழைய ஃபோன்.

ஆரஞ்சுக் கண்ணாடி நீலத்துக்கும் பச்சைக்கும் மட்டுமே. நாளைக்கே அவன் ஒரு சிவப்பு லேசர் வாங்கிவிட்டு இதையே மாட்டிக்கொண்டால், கற்றை ஒன்றுமே தடுக்காததுபோல் உள்ளே வரும். அகச்சிவப்பும் அப்படித்தான். இதனால் பச்சைச் சுட்டுலேசர்களைப் (எதையாவது சுட்டிக்காட்டுவதற்கான லேசர் பாயிண்டர்) பற்றியும் ஒரு வார்த்தை. மலிவான 532 பச்சைகள் பலவற்றில் உள்ளே 808 நானோமீட்டர் டயோடு ஒன்று எரிகிறது. அது ஒரு படிகத்தில் 1064 ஆகி, இன்னொரு படிகத்தில் பாதியாகிப் பச்சையாக வெளியே வருகிறது. மிச்சம் இருக்கிற அகச்சிவப்பைத் தடுக்க ஒரு சின்ன வடிகட்டி வேண்டும், அதைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள். மங்கலாக எரிந்த ஒரு பச்சைச் சுட்டுலேசரிலிருந்து ஏறக்குறைய 20 மில்லிவாட் அகச்சிவப்பு கொட்டிக்கொண்டிருந்ததை அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனமான நிஸ்ட் 2010-இல் வெளியிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்குக் கூச்சமும் வராது, இமையும் மூடாது. அதே நிறுவனம் 2013-இல் 122 சுட்டுலேசர்களைச் சோதித்துச் சொன்னது: பச்சையில் நூற்றுக்குத் தொண்ணூறும், சிவப்பில் நாற்பத்து நான்கும் விதிமீறல். ஐந்து மில்லிவாட்டுக்குக் கீழே என்று லேபிள் ஒட்டியிருந்தால் அதை நம்பிக் குழந்தை கையில் கொடுக்கலாம் என்பதெல்லாம் இதோடு போயிற்று.

பயன்படுத்திப் பார்த்த அனுபவம் என்று பார்த்தால், மரத்தில் எழுத்து நன்றாகவே விழுகிறது. ஆனால் கையில் பிடித்துக்கொண்டு எழுதினால் கோணல்மாணல்தான். ஸ்டாண்டில் பூட்டிப் பலகையை நகர்த்தினால் அழகாக வருகிறது, ஆபத்தும் பாதிக்குப் பாதி குறைகிறது. இவ்வளவு வலுவான லேசரைக் கைக்கு அடக்கமாகச் செய்ததே தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. கை ஆடும், யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்பும், கற்றையும் அறையைச் சுற்றி வரும். சுற்றி வருகிற வழியில் என்னென்ன இருக்கிறது என்று அவனையே எண்ணச் சொன்னேன். பீரோக் கண்ணாடி, ஜன்னல், டிவி, குழாய், கதவுக் கைப்பிடி, அவன் விரல் மோதிரம். சாதாரண ஜன்னல் கண்ணாடியின் ஒரு பரப்பு மட்டுமே விழுகிற ஒளியில் நூற்றுக்கு நாலு பங்கைத் திருப்பி அனுப்பும். 1.4 வாட்டில் நாலு பங்கு 56 மில்லிவாட். கண் தாங்குகிற ஒரு மில்லிவாட்டுக்கு அது 56 மடங்கு. நேராகக் கண்ணில் அடித்துக்கொள்கிற முட்டாள் அபூர்வம், இப்படித் திரும்பி வருவதில் மாட்டிக்கொள்வதுதான் வழக்கம்.

கற்றை கடைசியில் போய் விழ ஒரு செங்கல்லை நிறுத்தினோம். சொரசொரப்பாக இருக்கும், எரியாது, பளபளக்காது. அறையில் இருக்கிற எல்லோருக்கும் கண்ணாடி, இல்லாதவர் வெளியே. பூனைக்குக் கண்ணாடி மாட்ட முடியாது என்பதால் பூனையும் வெளியே. உட்கார்ந்து வேலை செய்தால் கண் மேசை மட்டத்துக்கு வந்துவிடும் என்பதால் நின்றுகொண்டுதான். கறுப்பாக இருக்கிறதே என்று பிவிசி, ரெக்சின் போன்றவற்றில் எழுதப் பார்க்காதீர்கள். வருகிற புகையில் அமிலம் இருக்கும், அதைக் கண்ணாடி தடுக்காது.

வானத்தில் கோடு போடுகிற ஆசைக்கு மட்டும் நான் அடியோடு மறுத்துவிட்டேன். இந்த லேசர் கற்றை தூரம் போகப் போக விரியும். மில்லிமீட்டர் கணக்கில் இருந்தது ஒரு கிலோமீட்டரில் இரண்டு மீட்டர் அகலமாகிவிடும். கண்ணைச் சுடுகிற தூரம் நூறு மீட்டரைக் கொஞ்சம் தாண்டி முடிந்துவிடுகிறது என்றாலும், கூச வைக்கிற தூரம் அதோடு நிற்பதில்லை. இருட்டுக்குப் பழகிய கண்ணோடு தரையிறங்குகிற விமானிக்கு, காக்பிட் கண்ணாடி முழுக்கச் சிதறுகிற ஒளி சில நொடி எதையும் காட்டாது. அமெரிக்காவில் மட்டும் 2023-இல் இப்படி 13,000-க்கு மேல் புகார்கள் பதிவாயின. அங்கே 2012-லிருந்து விமானத்தை நோக்கி லேசர் அடிப்பது ஐந்தாண்டு வரை சிறை போகக்கூடிய குற்றம், பிரிட்டனில் 2018-இல் வாகனங்களையும் சேர்த்துத் தனிச் சட்டமே வந்தது. விமானம் கண்ணில் படவில்லை என்பது சமாதானம் ஆகாது. நட்சத்திரம் காட்டத்தான் வேண்டும் என்றால், அளந்து பார்த்த ஐந்து மில்லிவாட் பச்சையே இருட்டில் போதும். அதையும் விமானம் எதுவும் அந்தப் பக்கம் இல்லை என்று பார்த்துவிட்டு, அணைத்து அணைத்துத்தான் காட்ட வேண்டும்.

அக்காவுக்கு நான் சொன்ன பதில் இது. சாவியை நம்பாதே, பேட்டரியை நம்பு. வேலை முடிந்ததும் பேட்டரி இரண்டையும் கழற்றி அவற்றின் பிளாஸ்டிக் உறையில் போட்டு வேறு இடத்தில் வை. லேசரும் கண்ணாடியும் ஒரே பெட்டியில் இருக்கட்டும், ஒன்றை எடுத்தால் மற்றதும் கையில் வரும். அவன் நண்பர்களுக்குக் கடன் கொடுக்கக்கூடாது. இது கொஞ்சம் கடுமையாகப் பட்டது அவனுக்கு. "பைக்கே குடுக்கறேன், இதைக் குடுக்கக்கூடாதா?" பைக் ஓட்டுகிறவனுக்குப் பைக் என்னவென்று தெரியும், இதை வாங்கிப் போகிறவன் டார்ச் என்று நினைத்து வாங்கிப் போவான் என்றேன். விற்கிறதானால் கண்ணாடியோடு சேர்த்துத்தான் விற்க வேண்டும். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், சில இடங்களில் ஒரு மில்லிவாட்டுக்கு மேலே இருப்பதை வைத்திருக்கவே அனுமதி வேண்டும். பயணத்தில் எடுத்துப் போகும் முன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கண்ணில் பட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. கட்டம் போட்ட நோட்டுத் தாளின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றதால் அந்தப் புள்ளியையே பார்க்க வேண்டும். கோடு வளைந்தாலோ, எங்காவது கட்டம் காணாமல் போனாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும், லேசரின் அலைநீளத்தையும் பவரையும் எழுதி எடுத்துக்கொண்டு. ஓசிடி என்கிற ஸ்கேனில் விழித்திரையின் அடுக்குகள் தெரியும், அதில் பார்த்துச் சொல்வார்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் போவது நல்லது, மேலே சொன்னபடி மூளை ஏமாற்றும்.

விற்றவர்களுக்கு எழுதினேன். சாவியை உருவினாலும் எரிகிறது, விளக்கு தப்பான நிறத்தில் இருக்கிறது, உங்கள் கண்ணாடியில் துளை விழுந்துவிட்டது என்று படத்தோடு விளக்கமாகவே எழுதினேன். சாவியைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் பேச்சில்லை. கண்ணாடி சேதமானதற்கு வருந்துகிறோம், அதே மாதிரி இன்னொன்றை இலவசமாக அனுப்பிவைக்கிறோம், விலாசம் தாருங்கள் என்று பதில் வந்திருக்கிறது. விலாசம் கொடுக்கவில்லை.